தகவல் என்னும் தீட்டு

சென்ற மாதம் ஓர் இதழில் வந்த கட்டுரை நம் இதழைப் பெயர் சொல்லாமல் ஒரு குத்து குத்திவிட்டுப் போயிருக்கிறது. நாமும் பெயர் சொல்லப்போவதில்லை. கட்டுரையாளரின் மனத்தாங்கல் இதுதான்: இலக்கிய இதழ்கள் பறவை, நட்சத்திரம், பழைய புத்தகம் என்று பக்கங்களை வாரி இறைக்கின்றன, எல்லாவற்றிலும் ஆர்வம் காட்டுகிறவர் எதிலும் ஆழம் காணாதவர், எல்லாவற்றுக்கும் மேலாக, தகவல் இலக்கியம் ஆகாது. முதல் இரண்டையும் விட்டுவிடலாம். நுனிப்புல் மேய்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள், கவிஞர்களிலும் உண்டு. மூன்றாவதுதான் தொண்டையில் சிக்கி நிற்கிறது. ஒரு பரிசுக் குழுவும் ஏறக்குறைய இதே காரணத்தைச் சொல்லி அண்மையில் ஒரு நூலை ஒதுக்கியதாகக் கேள்வி. ஆக இது ஒருவரின் கருத்தாக இல்லாமல் ஒரு கொள்கையாகவே ஆகிக்கொண்டிருக்கிறது.

டார்வினின் மண்புழு நூலையே எடுத்துக்கொள்வோம். 1881 அக்டோபரில் வெளிவந்தது. அடுத்த ஏப்ரலில் அவர் இறந்துவிட்டார். ஆனால் அதன் வித்து 1837இலேயே விழுந்தது. வயலில் பரப்பிய சுண்ணாம்பும் கரித்துண்டும் சில ஆண்டுகளில் மண்ணுக்கடியில் போய்விட்டதைக் காட்டி, இது மண்புழு செய்த வேலையாக இருக்கும் என்று தாய்மாமன் வெட்ஜ்வுட் சொன்னார். (அந்த மாமன் மகளைத்தான் டார்வின் பிறகு கட்டிக்கொண்டார். முறைப்பெண் விஷயத்தில் அவர் நம்மவர்.) மாமன் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போகிற மருமகன் இல்லை அவர். 1842இல் தன் வீட்டருகே ஒரு வயலில் சுண்ணக்கல் துண்டுகளைப் பரப்பிவிட்டுக் காத்திருந்தார். 1871இல் அங்கே பள்ளம் வெட்டிப் பார்த்தபோது 7 அங்குல ஆழத்தில் வெள்ளைக் கோடாக அவை கிடந்தன. நடுவில் 29 ஆண்டுகள் போயிருந்தன. உயிரினங்களின் தோற்றத்தையே அவர் எழுதி முடித்தது அந்த இடைவெளியில்தான்.

புழுவுக்குக் காது கேட்குமா என்று பார்க்க வேண்டும். இரவில் டார்வின் வீட்டில் தொட்டிப் புழுக்களுக்கு முன்னால் விசில் ஊதினார்கள், பஸ்ஸூன் என்ற பெரிய குழலை அடித்தொண்டையில் ஊதினார்கள், பியானோ வாசித்தார்கள், கத்தியும் பார்த்தார்கள். புழுக்கள் அசையவில்லை. தொட்டியைப் பியானோவின் மேலேயே தூக்கி வைத்துக் கீழ்ஸ்தாயியில் ஒரு சுரத்தைத் தட்டியதும் சட்டென்று வளைக்குள் போய்விட்டன. காது இல்லை, உடம்பு கேட்கிறது. பிறகு புழுவுக்குப் புத்தி உண்டா என்ற கேள்வி வந்தது. காகிதத்தை முக்கோணமாக வெட்டிக் கொழுப்புத் தடவி வளைக்கருகே போட்டார். வளைக்குள் இழுக்கப்பட்ட 303 முக்கோணங்களில் 62 விழுக்காடு கூர்முனையைப் பிடித்தே இழுக்கப்பட்டிருந்தன. அதாவது எது சுலபமாக உள்ளே போகுமோ அந்த முனை.

இதெல்லாம் தகவல். 303 தகவல், 62 தகவல், 7 அங்குலம் தகவல். இவற்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டால் 'டார்வின் மண்புழுவை நேசித்தார்' என்ற ஒரு வரி மிஞ்சும். நம் விமர்சகர் இலக்கியம் என்பது அதைத்தான் போலும். நாவலில் ஒருவன் காபி டபராவை எந்தக் கையால் வாங்கினான் என்று எழுதினால் நுண்விவரம் என்று கொண்டாடுகிறோம். புழு காகிதத்தின் எந்த முனையைக் கவ்வியது என்று எழுதினால் அது தகவலாகிவிடுகிறது. இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று கட்டுரையாளர் விளக்குவார் என்று கடைசிப் பக்கம்வரை படித்துப் பார்த்தோம். விளக்கவில்லை.

பாரதியிடமாவது கேட்டிருக்கலாம். 1910இல் ஹாலி வால்நட்சத்திரம் வந்தபோது அவர் பாடிய தூமகேதுப் பாட்டில் அதன் வால் மிக மெல்லிய வாயுவால் ஆனது என்பதும் 75 ஆண்டுக்கொருமுறை அது வருகிறது என்பதும் இருக்கின்றன. இதையெல்லாம் அன்னியர் சொல்லித்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதே என்ற கூச்சமும் கூடவே இருக்கிறது. பாட்டின் பயமும் பரவசமும் எண்ணையும் வாயுவையும் தள்ளிவிட்டுப் பிறந்தவை அல்ல.

ஆர்வலர், அரைகுறை என்று சொல்கிறவர்களுக்கு இன்னொரு பெயரையும் நினைவூட்டுகிறோம். சி. வி. ராமன் 1907இல் கல்கத்தா நிதித்துறையில் அதிகாரியாகச் சேர்ந்தார். 1917இல் பேராசிரியராகும்வரை அவர் செய்த ஆராய்ச்சியில் பெரும்பகுதி ஆபீஸுக்கு முன்னும் பின்னும் பௌபஜார் தெரு ஆய்வுக்கூடத்தில் செய்ததுதான், நடுவில் ரங்கூன், நாக்பூர் என்று மாற்றல் வேறு. வீணை, தம்புரா, மிருதங்கம் என்று அவர் விடவில்லை. தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டினால் எந்த மேற்சுரம் எழாது என்று இயற்பியலாளர் யங் சொன்ன விதி தம்புராவில் செல்லுபடியாவதில்லை என்று காட்டினார். வளைந்த குதிரையும் தந்திக்கடியில் செருகும் ஜீவா நூலும் சேர்ந்து அந்த விதியை ஏமாற்றிவிடுகின்றன.

மிருதங்கத்திடம் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இது நம் பழைய பைத்தியங்களில் ஒன்று. சாதாரணமாக இழுத்துக் கட்டிய வட்டத் தோலைத் தட்டினால் எழும் மேற்சுரங்கள் அடிப்படைச் சுரத்தின் முழு எண் மடங்குகளாக இருப்பதில்லை, 1.59, 2.14 என்று ஒழுங்கற்றுத் தெறிக்கும். அதனால்தான் பெரும்பாலான மேளங்களில் ஓசை உண்டு, சுருதி இல்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே கறுப்பாகச் சோறு போடுகிறார்களே, கிட்டக்கல் பொடியையும் சாதத்தையும் பிசைந்து மெல்லிய அடுக்கடுக்காக அப்பிக் கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவது, அந்தக் கனம் மேற்சுரங்களை இழுத்துக்கொண்டுவந்து வரிசையில் நிறுத்திவிடுகிறது. ஒன்பது அதிர்வு வகைகள் ஐந்து சுரங்களாகக் கூடிக்கொள்கின்றன. 1920இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து ராமன் இதை வெளியிட்டார். பின்னால் தோலின் மேல் மணலைத் தூவி, ஒவ்வொரு அடிக்கும் மணல் ஒதுங்கும் கோடுகளைக் காட்டினார். மோதிர விரலை லேசாக ஊன்றிக்கொண்டு ஆள்காட்டி விரலால் தட்டும்போது வித்வானின் கை செய்வதும் அதைத்தான்: வேண்டாத அதிர்வை அமுக்கி வேண்டியதை விடுகிறது.

இதைக் கேட்டதும் மேடையில் ஒருவர் எழுந்து 'பார்த்தீர்களா நம் முன்னோர் அறிவை' என்பார். கைதட்டல் விழும். எந்த முன்னோர்? தோலைப் பதப்படுத்தி, வாரை இழுத்து, சோற்றை அப்பி, தட்டிப் பார்த்து, சரியில்லை என்று சுரண்டி மறுபடி அப்பியவர் மேடையில் இல்லை, மண்டபத்துக்கு வெளியிலேயே நெடுங்காலம் நிறுத்தப்பட்டிருந்தார். அவருக்குத் தெரிந்ததும் தகவல்தான். தகவலைத் தாழ்வாரத்தில் நிறுத்திவிட்டு அனுபவத்தையும் தரிசனத்தையும் மட்டும் கூடத்துக்குள் விடுகிற பழக்கம் நமக்கு இலக்கியத்திலிருந்து வந்ததா, வேறு எங்கிருந்தாவது வந்ததா என்று கட்டுரையாளர் யோசித்துப் பார்க்கட்டும்.

பெரியசாமித் தூரன் பாட்டு எழுதினார், கச்சேரிகளில் இன்றும் பாடுகிறார்கள். அதே மனிதர்தான் தலைமைப் பதிப்பாசிரியராக உட்கார்ந்து 1954 முதல் 1968வரை பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்தைக் கொண்டுவந்தார். பிறகு சோர்ந்துபோகாமல் குழந்தைகளுக்கென்று இன்னொரு பத்து. பெ. நா. அப்புசாமி வழக்கறிஞர், சங்கப் பாட்டை ஆங்கிலமாக்கிய கையாலேயே ஆறு பத்தாண்டுகளுக்கும் மேல் தமிழில் அறிவியல் எழுதினார். இவர்களை எந்த அறையில் உட்கார வைப்பது என்று தெரியாமல் நம் இலக்கிய வரலாறுகள் இருவரையும் அடிக்குறிப்பில் உட்கார வைத்திருக்கின்றன. பழைய புத்தகக் கடையில் கலைக்களஞ்சியத் தொகுதி ஒன்றைப் பிரித்து நின்றபடியே தாவரத்திலிருந்து தாளத்துக்கும் அங்கிருந்து தாதுவுக்கும் போய் மாலையைத் தொலைத்தவர்களுக்குத் தெரியும் அது என்ன வகை வாசிப்பு என்று.

அறிவியல் மீது நம் விமர்சகர்களுக்கு வெறுப்பு என்று சொல்லிவிடவும் முடியாது. தொண்ணூறுகளில் குவாண்டம் இல்லாமல் ஒரு விமர்சனக் கட்டுரை அச்சேறியதா? ஹைசன்பர்க்கின் நிச்சயமின்மைக் கோட்பாடு, கேயாஸ், வண்ணத்துப்பூச்சியின் சிறகடிப்பு எல்லாம் பிரதியின் பன்முகத்துக்குச் சாட்சி சொல்ல வரிசையில் வந்து நின்றன. நியூயார்க்கில் ஓர் இயற்பியல் பேராசிரியர் இதே பாணியில் ஒரு போலிக் கட்டுரையை ஓர் இதழில் அச்சேற்றி 1996இல் கொளுத்திப்போட்ட வெடி இங்கே பலர் காதில் விழவே இல்லை. அறிவியல் தகவலாக வந்தால் தீட்டு, உருவகமாக வந்தால் பந்தியில் முதல் இலை. அப்படி வந்த உருவகத்தில் ஹைசன்பர்க் இருந்தார், ஓர் எலக்ட்ரான்கூட இல்லை.

இதன் பலனைக் கதைகளில் பார்க்கிறோம். குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற மொழியில், இன்று எழுதப்படும் கதைகளில் 'ஏதோ ஒரு பறவை' கத்துகிறது, நாயகன் 'பெயர் தெரியாத மரத்தின்' அடியில் நின்று இருப்பின் வெறுமையை உணர்கிறான். நமக்கு வரும் கதைகளில் அந்த மரம் வந்தால் என்ன மரம் என்று கேட்டுத் திருப்பி அனுப்புவதை வழக்கமாக்கியிருக்கிறோம். சிலர் கோபித்துக்கொண்டு வேறு இதழ்களுக்கு அனுப்பினார்கள். மரம் பெயர் தெரியாமலே அங்கே அச்சாயிற்று. ஒருவர் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு அது வாதநாராயணன் என்று எழுதினார். அதன் சீப்பு இலைக்கு அடர்ந்த நிழல் கிடையாது, ஆகவே நிழலில் நடக்கும் இரண்டாம் பகுதி முழுவதையும் மாற்றி எழுத வேண்டியதாயிற்று என்று நம்மைத் திட்டியும் எழுதியிருந்தார். கதை இந்த இதழில் வருகிறது. திட்டிய கடிதத்தையும் அவர் அனுமதியுடன் கடிதங்கள் பகுதியில் போட்டிருக்கிறோம்.