சம்பளம் வேலைக்கா, விலாசத்துக்கா?

அலுவலகமே இல்லாத கம்பெனிகளில் பணம் போடுவதைத் தொழிலாகக் கொண்டவர்களும் உலகில் இருக்கிறார்கள். ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஆண்ட்ரியாஸ் கிளிங்கர் அவர்களில் ஒருவர். 'ப்ராடக்ட் ஹண்ட்' நிறுவனத்தில் தொழில்நுட்பத் தலைவராக இருந்த அவர், 'ரிமோட் ஃபர்ஸ்ட் கேப்பிடல்' என்ற நிதியைத் தொடங்கினார். வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கும் முறையை நம்பிய கம்பெனிகளைத் தேடிப்பிடித்து, அவை தவழும் பருவத்திலேயே பங்கு வாங்குவது அதன் நோக்கம்.

இவ்வகை முதலீட்டில் பல மூழ்கும். ஒன்று கரையேறினால் போட்ட பணம் பல மடங்காகத் திரும்பும். 2019-ல் தொடங்கிய லண்டன் கம்பெனி 'ஹோபின்' 2021-ல் 775 கோடி டாலராக மதிக்கப்பட்டது. 2023-ல் அதன் முக்கிய வியாபாரம் அதில் ஒரு சிறு துளி விலைக்குக் கைமாறியது. 'கிட்லேப்' கரையேறியது. உக்ரேனில், குழாய்த் தண்ணீர்கூட இல்லாத வீட்டில் இருந்த ஓர் இளைஞர் 2011-ல் தொடங்கிய வேலை அது. நெதர்லாந்துக்காரர் ஒருவர் அதைக் கம்பெனியாக்கினார். 2021 அக்டோபரில் அமெரிக்கப் பங்குச் சந்தைக்கு வந்த முதல் நாளே மதிப்பு 1,000 கோடி டாலரைத் தாண்டியது. ஊழியர்கள் 60-க்கும் மேற்பட்ட நாடுகளில் இருந்தார்கள்; சொந்த அலுவலகம் ஒன்றுகூட இல்லை.

துணிந்து பணம் போட்டவர் லாபம் பெறுவதில் தவறில்லை. ஆனால் கட்டட வாடகை மிச்சம், மின்சாரம் மிச்சம், நாற்காலி மேஜை மிச்சம். இந்த மிச்சத்தில் ஊழியருக்கு என்ன பங்கு? பங்கு கிடைப்பது இருக்கட்டும், பல இடங்களில் சம்பளத்திலேயே கை வைக்கிறார்கள். ஊழியர் குடியிருக்கும் ஊரைப் பொறுத்துச் சம்பளத்தைக் கணக்கிடுவது கிட்லேப் வெளிப்படையாகவே அறிவித்த விதி. பேஸ்புக் 2020 மே மாதத்தில் இதே வழியைச் சொல்லி, அடுத்த ஜனவரி 1-க்குள் இருப்பிடத்தைத் தெரிவிக்குமாறு ஊழியர்களைக் கேட்டது.

மத்திய அரசு குமாஸ்தாவுக்கு இது பழகிய விஷயம்போலத் தோன்றலாம். 2024 ஜனவரியில் உயர்ந்த விகிதப்படி பெங்களூரில் வீட்டு வாடகைப்படி 30 சதவிகிதம், சிற்றூரில் 10 சதவிகிதம். ஆனால் அங்கே குறைவது படி மட்டும்தான். அடிப்படைச் சம்பளம் தர்மபுரிக்கு மாற்றலானாலும் அதேதான். ஓய்வூதியமும் அதை வைத்தே. புதிய கம்பெனிகளோ அடிப்படையையே ஊருக்கு ஊர் வெட்டுகின்றன. வேலை அதே வேலை, நேரம் அதே நேரம் (இரவு பத்து மணிக்கு வரும் அமெரிக்க அழைப்பு உட்பட), சம்பளம் மட்டும் விலாசத்தைப் பார்த்து!

அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கட்டிக் குடியேறிய தமிழர் குடும்பங்களுக்கு இது வெறும் வெளிநாட்டுச் செய்தி அல்ல. அப்பா மில்லிலோ தொழிற்சாலையிலோ உழைத்துப் படிக்கவைத்த பிள்ளை இன்று கணினி முன் உட்கார்ந்திருக்கிறான். வேலையைக் கையோடு எடுத்துக்கொண்டு ஊருக்கே போய்விடலாம், வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற ஆசை அவனுக்கும் உண்டு. போன மாதமே சம்பளம் குறைந்தால், வாடகையில் மிச்சம் பிடித்தது முதலாளி கணக்குக்குப் போய்விடும்.

வேறு வழியே இல்லை என்பதும் உண்மையல்ல. சிகாகோவில் தோன்றிய '37 சிக்னல்ஸ்' கம்பெனி, ஊழியர் எந்த ஊரில் இருந்தாலும் சான் பிரான்சிஸ்கோ நகரத்துச் சம்பளத்தையே அளவுகோலாக வைத்தது. அதனால் அந்தக் கம்பெனி திவாலாகிவிடவில்லை.

வீட்டிலிருந்து வேலை என்று யாராவது உத்தரவு நீட்டினால், கையெழுத்துக்கு முன் இரண்டு விஷயங்களைக் கேட்க வேண்டும். ஊர் மாறினால் அடிப்படைச் சம்பளம் மாறுமா? மின்சாரமும் இன்டர்நெட்டும் யார் செலவு? பதில் வாய்வார்த்தையாக இருந்தால் போதாது. உத்தரவிலேயே எழுதி வாங்க வேண்டும்.