முதலில் பாதுகாப்பு, பிறகு சொகுசு!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் கூடவே என்ன வாங்குகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? ஸ்பீக்கர், வெப் கேமரா, விளக்கு எரியும் கீ போர்டு. யு.பி.எஸ். பற்றிக் கேட்டால், "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்பார்கள். நானும் இதே ரகம்தான் என்பது, ஒரு கேம்பர் வாங்கிய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அமெரிக்காவில் காரின் பின்னால் இணைத்து இழுத்துச் செல்லும் சின்ன சக்கர வீட்டைத்தான் கேம்பர் என்கிறார்கள். உள்ளே படுக்கை, அடுப்பு, பிரிட்ஜ், கழிவறை, ஏ.சி. எல்லாம் இருக்கும். டெக்சாஸில் சாப்ட்வேர் பணியில் இருக்கும் நான், ஊரிலிருந்து வந்த அப்பா, அம்மாவுக்கு நாலு இடம் சுற்றிக் காட்டலாமே என்று பழைய கேம்பர் ஒன்றை வாங்கினேன். கையோடு பெரிய டிவி, புளூடூத் ஸ்பீக்கர், சோலார் பேனல் என்று வாங்கிக் குவித்தேன். மின்சாரப் பாதுகாப்புச் சாதனத்தை மட்டும், விலை அதிகம் என்று விட்டுவிட்டேன்.

முதல் பயணமே ஜூலை மாத வெயிலில். நாங்கள் தங்கிய முகாமில் எல்லா வண்டிகளிலும் ஏ.சி. ஓடிக் கொண்டிருந்தது. என் லேப்டாப் ஒழுங்காக இயங்கியதால், மின்சாரம் சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். இரவு பத்து மணிக்கு ஏ.சி. நின்றது. விடியும் வரை அம்மா ஓர் அட்டையை வைத்து அப்பாவுக்கு விசிறிக் கொண்டிருந்தார். கம்ப்ரஸர் போய்விட்டது என்றார் மறுநாள் வந்த மெக்கானிக். அன்று மாலை பக்கத்து வண்டிக்காரர் தன் மீட்டரைச் செருகிக் காட்டினார். 120 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 101 வோல்ட்தான் இருந்தது!

லேப்டாப் மட்டும் எப்படித் தப்பியது? உங்கள் லேப்டாப் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். அந்த எல்லைக்குள் எது வந்தாலும் அது சமாளித்துக் கொள்ளும். ஏ.சி. மோட்டார் அப்படியல்ல. வோல்டேஜ் குறைந்தால் அதிக ஆம்பியரை இழுத்து, சூடாகிக் கருகும்.

எனவே, புதிய கேம்பருக்கு எதை முதலில் வாங்க வேண்டும் என்பதில் என் கருத்து இதுதான்.

1. குறைந்த வோல்டேஜிலும் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனம். வோல்டேஜ் 104க்குக் கீழே இறங்கினாலோ, 132க்கு மேலே ஏறினாலோ துண்டிக்கும் வகை கிடைக்கிறது. விலை குறைந்த சர்ஜ் புரொடெக்டர் திடீர் உயர் அழுத்தத்தை மட்டுமே தடுக்கும்.

2. தண்ணீர்க் குழாய்க்கு பிரஷர் ரெகுலேட்டர். முகாம் குழாய்களில் அழுத்தம் இடத்துக்கு இடம் மாறும். 40 முதல் 50 பி.எஸ்.ஐ. அளவில் வைத்தால் உள்ளே இருக்கும் மெல்லிய குழாய்கள் பிழைக்கும். குடிநீருக்குத் தனி ஹோஸ் அவசியம்.

3. சக்கரத்துக்கு முட்டுக் கட்டையும், வண்டியைச் சமப்படுத்தும் பலகைகளும். கேஸில் இயங்கும் பிரிட்ஜ், வண்டி சாய்ந்து நின்றால் சரியாகக் குளிராது, பழுதாகவும் கூடும்.

4. கார்பன் மோனாக்சைடு அலாரம், கேஸ் கசிவு அலாரம், தீயணைப்பான். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. பழைய வண்டி என்றால் அலாரத்தின் காலாவதி தேதியையும் பாருங்கள்.

சோலார் பேனல், டிவி எல்லாம் இவற்றுக்குப் பிறகுதான். அதற்கும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். 12 வோல்ட், 100 ஆம்பியர் ஹவர் பேட்டரி என்றால் 1,200 வாட் ஹவர். லெட் ஆசிட் வகையில் பாதியைத்தான் பயன்படுத்தலாம். மீறினால் பேட்டரியின் ஆயுள் குறையும். மிச்சம் 600. இதில் 60 வாட் லேப்டாப் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும். 1,500 வாட் ஏ.சி. அரை மணி நேரம்கூட ஓடாது. இந்தக் கணக்கைப் போடாமல்தான் நான் பேனல் வாங்கினேன்.

"எதுவும் ஆகாவிட்டால் இந்தச் செலவு வீண்தானே?" என்று கேட்கலாம். உண்மைதான். நல்ல பாதுகாப்புச் சாதனம் வேலை செய்வதே நம் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் கடையில் அதன்மேல் கை போவதில்லை. ஆனால் நான் அன்று மிச்சம் பிடித்த பணத்தைவிட, ஏ.சி. மாற்றக் கொடுத்த பணம் பல மடங்கு அதிகம்.

உங்கள் மேஜைக்கும் இதே வரிசைதான். ஸ்பைக் பஸ்டர் குறைந்த வோல்டேஜிலிருந்து காப்பாற்றாது. டெஸ்க்டாப் என்றால் முதலில் யு.பி.எஸ்.; வீட்டில் எர்த் இணைப்பு சரியாக உள்ளதா என்று எலக்ட்ரீஷியனிடம் ஒரு சோதனை; பைல்களுக்கு ஒரு பேக்கப் டிஸ்க். ஸ்பீக்கரை அடுத்த மாதம் வாங்கிக் கொள்ளலாம்!