இடப்பக்க இருக்கை

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தே முக்கால் மணி. செங்கோட்டையைத் தாண்டிப் புளியரைக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடை வாசலில் ஒன்பது கார்கள் நிற்கின்றன. எட்டு ஆண்களுடையவை, ஒன்று என்னுடையது. தென்காசி, சுரண்டை, கடையநல்லூர் என்று சுற்றுவட்டாரத்து வண்டிப் பைத்தியங்கள் மாதம் ஒருமுறை இங்கே கூடி, மலையேறித் தென்மலை வரை போய்த் திரும்புவது வழக்கம். நான் வீரகேரளம்புதூரிலிருந்து வருகிறேன். அன்று புதிதாகச் சேர்ந்திருந்த பையன் ஒருவன் என் காரைச் சுற்றி வந்தான். குனிந்து இரட்டைப் புகைக்குழாயைப் பார்த்தான். டயரின் அளவைப் படித்தான். பிறகு இடப்பக்கக் கண்ணாடிக்குப் போய், உள்ளே தூங்கி வழிந்துகொண்டிருந்த என் தம்பி மகனிடம் கேட்டான்: “ப்ரோ, ஸ்டாக்கா, ரீமேப் பண்ணியிருக்கியளா?”

தம்பி மகனுக்கு வயது பதினாறு. கண்ணைத் திறக்காமலேயே என் பக்கம் கைகாட்டினான்.

“அக்கா, நீங்களா ஓட்டுதிய? சூப்பர்க்கா!” என்றவன், கொஞ்சம் யோசித்துவிட்டு, “சார் ஒண்ணும் சொல்ல மாட்டாவளா?” என்றான்.

அந்தப் பையன்மேல் எனக்குக் கோபமில்லை. மற்றவர்கள் ஒரு வருஷமாக நாசூக்காக மனசுக்குள் வைத்திருந்ததை அவன் வாய்விட்டுக் கேட்டான், அவ்வளவுதான்.

என் கார் ஹூண்டாய் ஐ20 என் லைன். 998 சிசி, மூன்று சிலிண்டர், டர்போ, 120 குதிரைத்திறன், 172 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. ஆறு கியரையும் கையால்தான் போட வேண்டும். நீளம் 3,995 மில்லிமீட்டர். நான்கு மீட்டருக்குள் அடங்கி, பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள் இருந்தால் வரி குறைவு என்று அரசாங்கம் ஒரு விதி போட்டது. நம் ஊரில் வேகமான சின்னக் கார்கள் பலவும் அந்த வரிச்சலுகைக்குப் பிறந்த பிள்ளைகள். சின்ன இன்ஜினுக்குள் டர்போ காற்றைத் திணிக்கிறது. 1,500 சுற்றிலேயே முழு இழுவையும் வந்துவிடும். இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், ஒரு பெண் தன் காரைப் பற்றிப் பேசும்போது நிறம், மைலேஜ், பார்க்கிங் வசதி இந்த மூன்றைத் தாண்டிப் போக மாட்டாள் என்று எதிர்பார்க்கிறவர்கள் இந்தப் புத்தகத்தின் வாசகர்களிலும் இருப்பார்கள். நிறம் நீலம். மைலேஜ் என் கால் எவ்வளவு அடங்குகிறதோ அவ்வளவு.

புளியரை எஸ் வளைவைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். வயலும் தென்னையுமாகத் தட்டையாக வந்த சாலை சட்டென்று மலைமேல் ஏறத் தொடங்கி, ஒரு பக்கம் வளைந்து, மூச்சு வாங்குவதற்குள் மறுபக்கம் வளையும். எதிரே கேரள பஸ் வரும். முன்னால் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டாரஸ் லாரிகள் கேரளாவுக்கு முக்கி முனகிக்கொண்டு போகும். அவற்றின் பின்னால் நடைவேகத்தில் ஊர்வதற்கும் ஒரு பொறுமை வேண்டும். சாலை காலியாகக் கிடைக்கும் அந்த அதிகாலை அரைமணி நேரத்தில், வளைவுக்கு முன்பே நேர்க்கோட்டில் பிரேக்கைப் பிடித்து, மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கி, இறக்கும்போதே ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி இன்ஜின் சுற்றை ஏற்றி, கிளட்சை விட்டால் வண்டி குலுங்காமல் வளைவுக்குள் நுழையும். வளைவு முடியும் இடம் கண்ணில் பட்டதும் காலை அழுத்த வேண்டும். முன்சக்கரங்கள் சாலையைப் பற்றுவது ஸ்டியரிங் வழியாக உள்ளங்கைக்கு வரும். நான் பேசுவது நூற்று நாற்பதில் பறப்பதைப் பற்றி இல்லை. அந்த வளைவில் நாற்பதுக்கு மேல் போகிறவன் முட்டாள். சரியான கியரில் சரியான நாற்பது என்பது ஓர் ஆனந்தம். அது என் உடம்புக்குத் தெரியும் என்பதைத்தான் இங்கே யாரும் நம்பத் தயாராக இல்லை.

இருபது வருஷமாக முல்லைத்திணையை வகுப்பில் நடத்துகிறேன். போர் முடிந்த தலைவன் தேர்ப்பாகனிடம், விரைவாக ஓட்டு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். கார்காலம், நனைந்த மண், பூத்த காடு, பாயும் குதிரைகள். வேகத்தைப் பற்றி நம் மொழியில் அதைவிட நன்றாக யாரும் எழுதவில்லை. ஆனால் அந்தத் திணையின் உரிப்பொருள் வேகமில்லை. அவள் வீட்டில் ‘இருத்தல்’. கரும்பலகையில் நானே என் கையால் ‘ஆற்றியிருத்தல்’ என்று எழுதிப்போட்டு, பரீட்சைக்கு வரும் என்றும் சொல்லியிருக்கிறேன். (கடிவாளத்தைப் பிடித்திருப்பவன் பாகன் என்பதையும், அவன் பெயர் எந்தப் பாட்டிலும் இல்லை என்பதையும் கவனிக்க எனக்குச் சொந்தக் கார் தேவைப்பட்டது.)

இன்னொன்று மடல். ஆசை முற்றிய தலைவன் பனைமட்டையில் குதிரை செய்து அதில் ஏறி ஊர்த்தெருவில் வரலாம். எதையும் சுமக்காத, எங்கேயும் போய்ச் சேராத வாகனம் அது. வெறும் ஆசைக்காகவே ஏறுவது. பெண் அதில் ஏறுவது எந்தத் திணையிலும் முறையில்லை என்று தொல்காப்பியர் நூற்பா செய்துவிட்டார். கடல் போல ஆசை பெருகினாலும் ஏறாமல் இருப்பதே பெண்ணின் பெருமை என்று வள்ளுவர் அதற்குப் பட்டம் கட்டினார். மீறி ஏறப்போவதாகச் சொன்ன குரல் திருமங்கையாழ்வாருடைய மடல்களில் வருவது. பெண்குரலில் பாடிய ஆண் அவர். பொம்மைக் குதிரைக்கு ஏன் இவ்வளவு தடை என்று மாணவிகள் சிரிப்பார்கள். தேவைக்கு ஏறுகிற வண்டியை ஊர் எப்போதும் மன்னித்துவிடும், ஆசைக்கு ஏறுகிற வண்டியைத்தான் மன்னிக்காது என்று இப்போது பதில் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் ஸ்கூட்டர் ஓட்டும் பெண்ணை யாரும் எதுவும் கேட்பதில்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும், மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், ரேஷன் வாங்க வேண்டும். குடும்பத்தின் சுமையை இழுக்கிறவரை அவள் ஓட்டலாம். பெண்ணியம் எழுதுகிற நாமும் இதில் குற்றவாளிகள். 90களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதை எத்தனை மேடையில் பேசியிருப்போம்! தண்ணீர்க் குடம், சந்தைக் காய்கறி, மிச்சமான நேரம், கூடிய வருமானம் என்று கணக்குப் போட்டுக் காட்டினோம். பள்ளத்தில் பெடலை விட்டுவிட்டு இறங்கும்போது அவர்கள் கத்தியிருப்பார்களே, அதை நம் கணக்கில் சேர்க்கவில்லை. பக்கத்துக் குமரி மாவட்டத்தின் வசந்தகுமாரி 1993இல் அரசுப் பேருந்து ஓட்டுநரானதையும் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிய தாயின் கதையாகவே சொல்கிறோம். அந்தப் பெரிய ஸ்டியரிங் அவருக்குப் பிடித்திருந்ததா என்று கேட்டவர் எத்தனை பேர்?

காரின் கதையே அப்படித்தான் தொடங்குகிறது. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு, மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்குமேல் ஓட்டிப்போனார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைக்கச் சொன்னார். பிரேக்குக்கு லைனிங் வந்த கதை இது. ஆனால் பாருங்கள், அவர் அம்மா வீட்டுக்குப் போனார் என்பதைச் சொல்லாமல் யாரும் இதைச் சொல்வதில்லை. கணவர் கார்ல் பென்ஸின் தொழிலைக் காப்பாற்றியது கல்யாணத்துக்கு முன்பே பெர்த்தா கொடுத்த சீர்ப்பணம் என்பதைச் சொல்ல மட்டும் மறந்துபோகும்.

சீர்ப்பணம் என்றதும் நம் ஊருக்கு வந்துவிடலாம். 1961இலேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்துவிட்டது. இன்றைக்கும் சுரண்டையிலும் பாவூர்சத்திரத்திலும் கல்யாண மண்டப வாசலில் ரிப்பன் கட்டிய கார் நிற்கிறது. பெண் வீட்டுப் பணம், மாப்பிள்ளை பெயரில் ஆர்.சி. என்ன மாடல், என்ன வேரியன்ட், சன்ரூஃப் உண்டா என்பதை மாப்பிள்ளையும் மச்சான்களும் உட்கார்ந்து முடிவு செய்வார்கள். பெண் அதில் முதல்முறை ஏறும்போது இடப்பக்கம் உட்கார்கிறாள். பிறகு பிள்ளை பிறந்ததும் பின்னால் போகிறாள். எங்கள் குழுவின் எட்டுக் கார்களில் இரண்டு இப்படி வந்தவை என்பது எனக்குத் தெரியும். ஒரு காலைப்பொழுதில் அதில் ஒன்றின் ‘கையாளுமை’யைப் பற்றி அதன் சொந்தக்காரர் பதினைந்து நிமிஷம் பேசினார். “இது யார் வாங்கினது அண்ணாச்சி?” என்று கேட்டேன். டீ ஆறிவிட்டது, எல்லாரும் கிளம்பினோம்.

இவர்கள் கெட்டவர்கள் இல்லை. டயர் பஞ்சரானால் நான்கு பேர் ஓடிவருவார்கள். நானே ஜாக்கி போடத் தொடங்கினால் மட்டும் அவர்களுக்குக் கை என்ன செய்வதென்று தெரியாது. தென்மலையில் ஆண்கள் படம் எடுக்கும்போது பானெட்டைத் திறந்துவைத்து இன்ஜினைச் சுற்றி நிற்பார்கள். என்னை எடுக்கும்போது பானெட்டை மூடிவிட்டு, கொஞ்சம் சாய்ந்து நிற்கச் சொல்வார்கள். படத்துக்குக் கீழே ‘சிங்கப்பெண்’ என்று எழுதுவார்கள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே எரிச்சல். ஒரு பெண்ணைச் சிங்கமாக்கிவிட்டால் மற்ற பெண்களை மனுஷியாகக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. இவர்களில் ஒருவர் கைப்பேசி முகப்பில் ஆடி குவாட்ரோ படத்தை வைத்திருக்கிறார். அந்த வண்டியில் 1981இல் சான்ரெமோ ராலியை வென்றவர் மிஷெல் மூத்தோன். வழிகாட்டியாக உட்கார்ந்திருந்தவர் ஃபாப்ரிட்சியா பொன்ஸ். இரண்டு பேரும் பெண்கள். அடுத்த வருஷம் மூத்தோன் உலக ராலிப் போட்டியில் இரண்டாமிடம். இதைச் சொன்னபோது, “அப்படியாக்கா, அப்ப வண்டி அவ்வளவு நல்ல வண்டி” என்றார்.

சர்வீஸ் விட்ட இடத்திலிருந்து ஒருமுறை போன் வந்தது. பிரேக் பேட் மாற்ற வேண்டுமாம். “மேடம், சார் நம்பர் கொடுங்க, அவங்ககிட்ட கேட்டுட்டு மாத்திடறோம்.” இன்னும் எத்தனை மில்லிமீட்டர் மிச்சமிருக்கிறது என்று கேட்டேன். அவரிடம் பதிலில்லை. சக்கரத்தைக் கழற்றி அளந்தபோது பேடில் பாதிக்குமேல் மிச்சமிருந்தது.

“பொம்பளைக்கு ஆட்டோமேட்டிக்தான் சேஃப்டி” என்று சொல்லாதவர் இல்லை. சேஃப்டி பற்றியே பேசலாம். சீட் பெல்ட் போட்ட ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி விபத்தில் சிக்கினால், பெண் ஓட்டுநருக்குப் பலத்த காயம் படும் வாய்ப்பு 47 சதவீதம் அதிகம் என்று வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் கணக்கிட்டார்கள். காரணம் கியர் இல்லை. பல பத்தாண்டுகளாக மோதிப் பார்த்த பொம்மைகள் ஆணுடம்பின் அளவில் செய்யப்பட்டவை. ‘பெண்’ என்று வைத்ததும் ஆண் பொம்மையின் சின்ன அச்சுதான். சராசரிப் பெண்ணுடம்பின் அளவில், பின்னாலிருந்து மோதும் விபத்துக்கான பொம்மை ஒன்றை ஸ்வீடனில் ஆஸ்ட்ரிட் லிண்டரின் குழு செய்து காட்டியது 2022இல். சேஃப்டி பற்றி என்னிடம் பேசுகிற அண்ணாச்சிகள் ஓட்டுநர் இருக்கையின் உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடியுமா என்று தங்கள் மனைவிக்காக ஒருமுறையாவது ஷோரூமில் கேட்டிருக்கிறார்களா?

சேலையைப் பற்றியும் கேட்பார்கள். கல்லூரிக்குச் சேலைதான். கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிவிட்டு, தட்டையான செருப்போடு ஓட்டுகிறேன். பிரேக்கை முன்காலால் பிடித்தபடி பாதத்தின் ஓரத்தால் ஆக்சிலேட்டரைத் தட்டுவது சேலையில் கஷ்டம்தான். மலைக்கு சுடிதார்.

தோழர் ஒருவர் வேறு மாதிரிக் கேட்டார். பீடி சுற்றிப் பிழைக்கிற பெண்கள் நிறைந்த ஊரில் பத்து லட்சத்துக்குமேல் கொடுத்து இந்தக் கார் ஆடம்பரமில்லையா, பெட்ரோல் எரித்து மலை சுற்றுவது எந்தப் பெண்ணியம்? ஆடம்பரம்தான். இன்னும் இரண்டு வருஷத் தவணை பாக்கி இருக்கிறது, புகையும் உண்மைதான். ஆனால் தோழர் புல்லட்டில் வந்து இறங்கித்தான் இதைக் கேட்டார். புல்லட்டில் திரியும் ஆண் கவிஞர்களை அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. அவர்களுடையது நாடோடி மனம். பீடி சுற்றும் பெண்களுக்கு என்ன வேண்டும் என்று அவரே முடிவு செய்துவிட்டதும் எனக்குப் பிடிக்கவில்லை. என் அத்தை நாற்பது வருஷம் பீடி சுற்றியவள். முதுகு கூனிவிட்டது. கார் வந்த வாரம் கோயிலுக்குக் கூட்டிப்போகட்டுமா என்று கேட்டேன். “கோயிலுக்கு ஒண்ணும் வேண்டாம் ஏட்டி. சும்மா ஒரு ரவுண்டு போ” என்றாள். சிற்றாற்றுப் பாலம் தாண்டி நேர்ச்சாலை வந்ததும் கண்ணாடியை இறக்கச் சொன்னாள். “வெரசாப் போ, இன்னும் கொஞ்சம் வெரசாப் போ.” மூன்றாவது கியரில் இழுத்தபோது இருக்கையில் முதுகு ஒட்டியதும் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள். எதற்காக என்று அவளிடம் நான் கேட்கவில்லை.

அடுத்த மாதப் பயணத்துக்கு என்னோடு இரண்டு பெண்கள் வருகிறார்கள். ஒருத்தி என் பழைய மாணவி, இன்னொருத்தி வங்கியில் வேலை. இருவருக்கும் லைசென்ஸ் உண்டு, கார் இல்லை. போகும்போது ஒருத்தி, வரும்போது இன்னொருத்தி ஓட்டுவாள், எஸ் வளைவு உட்பட. நான் இடப்பக்கம் உட்கார்ந்துகொள்வேன் என்று குழுப் பொறுப்பாளரிடம் சொன்னேன். “பாக்கலாம்க்கா, வேற ஆளு ஓட்டினா இன்சூரன்ஸ் பிரச்சனை வரும்” என்றார். என் பாலிசியில் ஓட்டுநர் என்ற பிரிவில், செல்லுபடியாகும் உரிமம் வைத்திருக்கும் எவரும் உரிமையாளரின் அனுமதியோடு ஓட்டலாம் என்றுதான் இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பி நான்கு நாள் ஆகிறது.