பொருள் இருக்கிறது, கதை எங்கே?

அருங்காட்சியகத்தில் காப்பாளராக வேலை செய்கிறேன் என்று சொன்னால் எங்கட ஆட்கள் உடனே கேட்பது, "பழைய சாமான்களைத் துடைச்சு அடுக்கிற வேலையோ?" என்றுதான். துடைக்கிறதும் உண்டுதான். ஆனால் எங்கள் நேரத்தில் பெரும்பகுதி ஒரு கேள்விக்கே போய்விடுகிறது: இந்தப் பொருள் எங்கே இருந்தது, யாருடையது, எப்படி இங்கே வந்தது?

இந்தக் கேள்விக்கு எவ்வளவு பலம் என்பதற்கு ஒக்ஸ்போர்டில் உள்ள அஷ்மோலியன் அருங்காட்சியகம் ஓர் உதாரணம். 1967இல் அது திருமங்கை ஆழ்வாரின் வெண்கலச் சிலையொன்றை லண்டன் ஏலத்தில் வாங்கியது. அந்தச் சிலை 1957இல் கும்பகோணத்துக்கு அருகே ஒரு பெருமாள் கோவிலில் இருந்ததைக் காட்டும் புகைப்படம் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சேகரிப்பில் இருந்தது. யாரோ ஒருவர் அன்றைக்கு எடுத்து, ஊர் பெயரோடு ஒழுங்காகப் பாதுகாத்த படம். அதை வைத்துத்தான் கேள்வி எழுந்தது. 2024இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் சிலையைத் திருப்பிக் கொடுக்கச் சம்மதித்தது.

பதிவு இல்லாவிட்டால் என்ன நடக்கும்? நியூசிலாந்தின் தே பாப்பா அருங்காட்சியகத்தில் தமிழ் எழுத்துப் பொறித்த வெண்கல மணியின் ஒரு துண்டு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஒரு பாதிரியார் கண்டபோது, மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார்களாம். முகைதீன் பக்ஸ் என்பவரின் கப்பல் மணி என்று எழுத்து சொல்கிறது. அது எப்படி அவ்வளவு தூரம் போனது என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

இப்போது எங்கட வீடுகளுக்கு வருவோம். 83க்குப் பிறகு புறப்பட்டு வந்த தலைமுறைக்கு வயதாகிவிட்டது. ஒருவர் கண்ணை மூடியதும் இரண்டு கிழமைக்குள் வீட்டை ஒதுக்க வேண்டிவருகிறது. தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் என்ன செய்வார்கள்? நீல நிற வான்கடிதக் கட்டு குப்பைக்குப் போகிறது. அம்மம்மாவின் செம்பு பழைய சாமான் கடைக்குப் போகிறது. சிலர் மனம் கேட்காமல் எங்களிடம் கொண்டுவருகிறார்கள். "இது யாருடையது? எந்த ஊர்?" என்று கேட்டால், "அப்பாவுக்குத்தான் தெரியும்" என்கிறார்கள். அப்பா இல்லை.

1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தார்கள். அதை நாங்கள் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் லண்டனிலும் ரொறன்ரோவிலும் எங்கட கதைகளை அழிக்க யாரும் தீ வைக்கத் தேவையில்லை. நாங்கள் கேட்காமல் விட்டாலே போதும்.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. வருகிற சனிக்கிழமை தாத்தா பாட்டியோடு ஒரு மணித்தியாலம் இருங்கள். ஒவ்வொரு பொருளையும் காட்டி, அவர்கள் சொல்வதைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். படங்களின் பின்புறம் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் மெதுவாகப் பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறிவிடும். கிழிந்த கடிதத்துக்கு ஒட்டுநாடா போடாதீர்கள், காலப்போக்கில் தாள் கெட்டுவிடும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை வரலாறோ தொல்லியலோ படிக்க ஆசைப்பட்டால் மறிக்காதீர்கள். சம்பளம் டாக்டரைவிடக் குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் எங்கட பொருளுக்குப் பக்கத்தில் நாலு வரி எழுதுகிறவர், எங்கட மொழி தெரிந்தவராக இருக்க வேண்டாமா?