ஔஷதகிரியின் 74 படிகள்

சிதம்பரத்தில் கூத்தனையும் கோவிந்தராஜனையும் சேவித்துக் கடலூர் வழியே திரும்பும் அன்பர்கள் பலர், திருவஹீந்திரபுரத்தில் தேவநாதப் பெருமாளை வணங்கியதும் ஊர்தியில் ஏறிவிடுகின்றனர். எதிரே நிற்கும் ஔஷதகிரியை அண்ணாந்து கும்பிடுவதோடு சரி. காரணம் முழங்கால்.

அக்குன்றுக்குப் படிகள் 74 மட்டுமே. இராமானுசர் நியமித்த சிம்மாசனாதிபதிகளும் 74 பேர் என்பதால், படிக்கு ஒருவராக நினைந்து ஏறும் வழக்கம் உண்டு. அவ்வாறு நினைந்து ஏறினால் நடை தானே மெதுவாகும், மூச்சும் வாங்காது. அனுமன் சுமந்து சென்ற சஞ்சீவி மலையிலிருந்து உதிர்ந்த பகுதி இது என்பது தலவரலாறு.

வேதாந்த தேசிகர் (1268-1369) பல்லாண்டுகள் இவ்வூரில் வாழ்ந்தவர். இக்குன்றின்மேல் கருட மந்திரத்தை உருவேற்றிக் கருடனருளால் ஹயக்ரீவ மந்திரம் பெற்றார், ஹயக்ரீவரும் அவருக்குக் காட்சியளித்தார் என்பர். மேலே ஹயக்ரீவர் சந்நிதி உள்ளது. அங்கிருந்து நோக்கினால் கீழே ஆலய கோபுரமும், இவ்வூரருகே வடக்கு நோக்கித் திரும்பும் கெடிலமும் பசுமையும் தெரியும். அக்காட்சிக்காகவேனும் கால்மணி நேரம் ஒதுக்கலாமே!

கல் சுடுமுன், காலையிலேயே ஏறுதல் நலம். முகூர்த்த நாள்களில் திருமணக் கூட்டம் மிகுதி. முதியோர் அந்நாள்களைத் தவிர்க்கலாம். பேரப்பிள்ளையின் தோளைப் பற்றி ஏறுவதில் குறைவொன்றுமில்லை.

ஏற இயலாதோர் வருந்த வேண்டா. தேசிகர் தம் கையாலேயே தோண்டியதாகப் போற்றப்படும் கிணறு இவ்வூரிலேயே உள்ளது. அங்குச் செல்ல மலையேற வேண்டியதில்லை.