ஓய்வூதியப் பணமும் நிறவெறியும்: முதலீட்டு விலக்கல் இயக்கம் எதைச் சாதிக்கிறது?

தொழிலாளி ஒருவர் மாதந்தோறும் செலுத்தும் ஓய்வூதியப் பணம், மனித உரிமை மீறலுக்குத் துணைபோகும் ஒரு நிறுவனத்தின் பங்காக மாறினால், அதைத் திரும்பப் பெறுமாறு கோர அவருக்கு உரிமை உண்டா? நார்வேயில் எழுந்த சர்ச்சை இக்கேள்வியை மீண்டும் முன்னிறுத்தியுள்ளது.

எண்ணெய் வருவாயில் உருவான நார்வே அரசு ஓய்வூதிய நிதியம், உலகின் மிகப்பெரிய அரசு முதலீட்டு நிதியமாகும். அது 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் கேட்டர்பில்லர் நிறுவனத்தையும் 5 இஸ்ரேல் வங்கிகளையும் தனது முதலீட்டுப் பட்டியலிலிருந்து நீக்கியது. பாலஸ்தீனர்களின் உடைமைகளை இடிக்க கேட்டர்பில்லர் இயந்திரங்கள் பயன்படுத்தப்படுவதும், மேற்குக் கரைக் குடியேற்றங்களுக்கு வங்கிகள் நிதியளிப்பதும் காரணங்களாகக் கூறப்பட்டன. இதற்கு அமெரிக்கா அதிருப்தி தெரிவித்தது. நவம்பரில் நார்வே நாடாளுமன்றம், நெறிமுறை விதிகளை மறுஆய்வு செய்யும் வரை இத்தகைய நீக்கங்களை நிறுத்திவைக்க முடிவு செய்தது. விதிகளை அப்படியே பின்பற்றினால் அமெரிக்கப் பெரு நிறுவனங்களின் பங்குகளையும் விற்க நேரிடலாம் என அரசு அஞ்சியதே இதன் பின்னணி.

நிறவெறி என்ற குற்றச்சாட்டு

பாலஸ்தீனர்கள் மீதான இஸ்ரேலின் நடவடிக்கைகள் நிறவெறிக் குற்றத்துக்கு ஒப்பானவை என்று 2021-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பும், 2022-ல் ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் அமைப்பும் அறிக்கை வெளியிட்டன. இஸ்ரேல் இதனை முற்றாக மறுக்கிறது. இனப் பிரிவினையையும் நிறவெறியையும் தடைசெய்யும் உடன்படிக்கைப் பிரிவு மீறப்பட்டுள்ளதாக, 2024 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் தனது ஆலோசனைக் கருத்தில் குறிப்பிட்டது. முதலீட்டு விலக்கலைக் கோருவோர் இவற்றையே ஆதாரமாக முன்வைக்கின்றனர்.

தென்னாப்பிரிக்கா கற்பித்த பாடம்

இந்த வழிமுறை புதிதன்று. தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சிக்கு எதிராக அமெரிக்க மாணவர்கள், தேவாலயங்கள், தொழிற்சங்கங்கள் ஆகியோர் தத்தம் நிறுவனங்களின் முதலீட்டுப் பட்டியல்களை ஆராய்ந்தனர். அறங்காவலர் கூட்டங்களிலும் நகரசபைகளிலும் கேள்வி எழுப்பினர். 1984-ல் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளர்கள் தென்னாப்பிரிக்கச் சரக்கை 11 நாட்கள் இறக்க மறுத்தனர். 1986-ல் கலிபோர்னியா மாநிலம், தனது ஓய்வூதிய நிதியங்கள் முதலீட்டை விலக்கிக்கொள்ளச் சட்டம் இயற்றியது. அதே ஆண்டில் அதிபர் ரீகனின் தடையதிகாரத்தை முறியடித்து, அமெரிக்க நாடாளுமன்றம் பொருளாதாரத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது.

ஆனால் பங்குகளை விற்றதால் மட்டும் நிறவெறி ஆட்சி வீழ்ந்ததா? விலக்கல் அறிவிப்புகளால் தென்னாப்பிரிக்க நிதிச் சந்தையில் குறிப்பிடத்தக்க பாதிப்பு ஏற்படவில்லை என்று 1999-ல் வெளியான பொருளியல் ஆய்வு ஒன்று கூறியது. ஒருவர் விற்கும் பங்கை வேறொருவர் வாங்கிவிடுவார். உண்மையான அடி வேறு திசையிலிருந்து விழுந்தது. 1985-ல், உள்நாட்டுக் கிளர்ச்சி உச்சத்தில் இருந்தபோது, சேஸ் மன்ஹாட்டன் வங்கி குறுகியகாலக் கடன்களைப் புதுப்பிக்க மறுத்தது. பிற வங்கிகளும் அதைப் பின்தொடர, சில வாரங்களில் தென்னாப்பிரிக்கா கடன் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைத்தது. ஆக, முதலீட்டு விலக்கலின் வலிமை பங்கு விலையில் இல்லை. அந்த ஆட்சியுடன் வணிகம் செய்வதை அவப்பெயராகவும் அரசியல் சுமையாகவும் மாற்றியதில்தான் இருந்தது.

யாருடைய பணம், யாருடைய முடிவு?

எதிர்வாதமும் வலுவானதே. உறுப்பினர்களுக்கு உரிய வருவாயைப் பாதுகாப்பது அறங்காவலர்களின் சட்டக் கடமை. வெளியுறவுக் கொள்கை அரசின் பணி என்கின்றனர் எதிர்ப்பாளர்கள். அமெரிக்காவில் 30-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் இஸ்ரேல் புறக்கணிப்புக்கு எதிரான விதிகளைக் கொண்டுள்ளன. பிரிட்டனிலோ, உள்ளாட்சி ஓய்வூதிய நிதியங்கள் வெளியுறவுக் கொள்கைக்கு மாறாக முதலீட்டை விலக்கக் கூடாது என்ற அரசின் வழிகாட்டுதல் சட்டவிரோதம் என 2020-ல் உச்ச நீதிமன்றம் 3-2 பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. ஓய்வூதிய நிதி அரசின் பணமன்று, உறுப்பினர்களின் பணம் என்பதே அவ்வழக்கின் மையக் கருத்து.

இந்தியாவுக்கும் இதில் வரலாறு உண்டு. 1946-ல் தென்னாப்பிரிக்காவுடன் வணிக உறவை முதலில் துண்டித்த நாடு இந்தியாவே. அது அரசு எடுத்த முடிவு. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியின் ஒரு பகுதி 2015 முதல் பங்குச் சந்தைக்குச் செல்கிறது. அறங்காவலர் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகளும் உள்ளனர். ஆயினும், தங்கள் பணம் எங்கே செல்கிறது என்ற கேள்வி சந்தாதாரர்களிடையே இன்னும் பரவலாக எழவில்லை.

நார்வேயின் மறுஆய்வு எந்த முடிவை எட்டினாலும், ஒன்று தெளிவாகிறது: முதலீட்டுப் பட்டியலைப் படிக்கத் தொடங்கிய உறுப்பினரை, இலாபக் கணக்கை மட்டும் காட்டி இனித் திருப்பி அனுப்ப இயலாது.