மழை விட்டாச்சு, சைக்கிள் எடுக்கலாமா?

மழை நின்ன மறுநாள் காலையிலேயே நம்ம பசங்க கியர் சைக்கிளோட வாசல்ல வந்து நிப்பாங்க. "வாடா, ஏரிக்கரை மேல ஒரு ரவுண்டு போலாம்." வரலைன்னு சொன்னா பயந்தாங்கொள்ளின்னு பட்டம். ஏன் வரலைங்கறதுக்குத்தான் இந்தப் பதிவு.

அனந்தபுரத்துல இருந்து செஞ்சி பக்கம் போனா பாறைக்குன்றும் செம்மண்ணும். பாறை சிதைஞ்சு உண்டான மண்ணுங்கறதால பருமணல் நிறைய, தண்ணி சீக்கிரம் இறங்கிடும். மழை விட்ட மறுநாள் இந்தப் பாதை கோடையில இருந்ததை விட நல்லாவே இருக்கும். கடற்கரையில காஞ்ச மணல்ல கால் புதையுது, ஈர மணல்ல புதையறதில்லையே, அதே கதைதான். பாசி பிடிச்ச பாறையில மட்டும் பிரேக் போடாதீங்க, பல்லு போயிடும் :-)

ஏரிப்பக்கம் வேற மாதிரி. களிமண் துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சின்னது. தண்ணிய இழுத்து வச்சுக்கும், லேசுல விடாது. "என்னோடது அகல டயர், எங்க வேணா போகும்"னு சொல்றவன் டயரைப் பாருங்க. பட்டன் இடுக்கெல்லாம் களிமண் அடைச்சு வழுவழுன்னு உருளை மாதிரி ஆயிருக்கும். மட்கார்டுலயும் அடைச்சுட்டா சக்கரமே சுத்தாது. அப்புறம் சைக்கிள்தான் நம்ம மேல சவாரி.

அதுகூட நம்ம பாடு. எனக்குக் கவலை கரையைப் பத்தி. தண்ணி கசியக்கூடாதுன்னுதான் கரைக்குக் களிமண் போட்டு இறுக்கறாங்க. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்துச்சு. நம்ம மாவட்டத்து மயிலத்துல ஒரே நாள்ல சுமார் 50 சென்டிமீட்டர் மழை. மறுநாள் திருவண்ணாமலையில ஊறிப்போன மலைச்சரிவு வீடுகள் மேல சரிஞ்சு ஏழு பேர் இறந்துட்டாங்க. சரிவுல இருக்கற மண்ணு எவ்வளவு தண்ணி தாங்கும்ங்கறதுக்கு ஒரு அளவு இருக்கு.

அந்த மழை விட்டு ரெண்டாவது நாள் நாங்க ஏரிக்கரை மேல இருந்து கீழ வரைக்கும் சர்ர்ருன்னு இறங்கி விளையாடினோம். (ஆமா, நானும்தான்.) அடுத்த மழையில தண்ணி நேரா எங்க டயர் தடத்துலயே ஓடி, ஒரு சாண் ஆழத்துக்கு அறுத்துடுச்சு. கீழ நெல்லு போட்டிருந்த பெரியவர் ஒருத்தர் மண்வெட்டியோட வந்து மூடிக்கிட்டு இருந்தார். "யாருப்பா இங்க வண்டி விட்டது?"ன்னு கேட்டப்ப எவனும் வாயே திறக்கலை.

மாடு நடக்கலையா, நாம ஓட்டினா மட்டும் என்னன்னு ஒருத்தன் கேக்கறான். மாட்டுக்கால் தடம் தனித்தனிக் குழி, தண்ணி அங்கங்க நின்னுடும். டயர் போடறது மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே கோடு. வாய்க்கால் வெட்டிக் கொடுத்த மாதிரி.

பாதையில ஒரு கைப்பிடி மண்ணெடுத்து உள்ளங்கையில திரி மாதிரி உருட்டிப் பாருங்க. உதிர்ந்துட்டா ஓட்டலாம். உடையாம நீளமா வந்துச்சுன்னா களிமண், இன்னும் ஈரமாவே இருக்கு, சைக்கிளைத் திருப்புங்க.

செம்மண் பக்கம்னா மறுநாளே நான் ரெடி. ஏரிக்கரைன்னா நல்லா வெயிலடிச்சு நாலு நாள் கழிச்சு கூப்பிடுங்கடா.